கரண்டுக்கு புட்வால்வு கிடையாது



திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் பக்கமாகச் சாயங்கால வேளையில் போனவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். திடீரென்று கரண்ட் போகும். ரோடு ஒரு நிமிஷம் இருண்டு கிடக்கும். அடுத்த நிமிஷம் கடை வாசலிலும், விடுதி மாடியிலும், வீட்டுப் பின்கட்டிலும் 'டபடப'வென்று ஜெனரேட்டர்கள் கிளம்பிவிடும். அத்தியந்தல், ஆடையூர், அடி அண்ணாமலை என்று மலையைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இந்தச் சத்தம் புதிதல்ல. கல்யாண வீடு, கோழிப்பண்ணை, பால் கறக்கும் மெஷின், மாவு மில் எல்லாவற்றுக்கும் ஜெனரேட்டர் வந்துவிட்டது.

"நம்ம ஜெனரேட்டர், நம்ம டீசல், நம்ம வீட்டு லைட்டு. இதுல அடுத்தவனுக்கு என்னா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நான் ஒன்று திருப்பிக் கேட்கிறேன். உங்கள் ஜெனரேட்டரில் பிறக்கிற கரண்ட் உங்கள் வீட்டுக்குள்ளேயே நிற்கிறதா, அல்லது வாசலைத் தாண்டி, கம்பத்தில் ஏறி, ஊர்க் கம்பிக்குப் போய்விடுகிறதா? போய்விட்டால், அங்கே கம்பத்தின் மேல் ஒரு மனிதர் வேலை செய்துகொண்டிருக்கலாம். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பித்தான் அவர் ஏறியிருப்பார்.

இது புரிய வேண்டுமானால், கரண்ட் நம் ஊருக்கு வந்த கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

மாடு இறைத்த காலம்

1896-ம் ஆண்டு செப்டம்பர் 1-ம் தேதி, மதுரையிலிருந்து வீட்டைவிட்டுக் கிளம்பிய ஒரு பையன் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். அவர்தான் பின்னால் ரமண மகரிஷி ஆனவர். அதற்கு முந்தின வருஷம், 1895-ல், சென்னைப் பட்டணத்தில் மின்சார டிராம் வண்டி ஓட ஆரம்பித்திருந்தது. பட்டணத்தில் கரண்டில் வண்டி ஓடிய அந்த நாளில், இங்கே மலையடிவாரத்துக் கிணறுகளில் கவலை மாடுதான் தண்ணீர் இறைத்தது. விடியற்காலையில் மாட்டைப் பூட்டி, சால் இறக்கி, முன்னும் பின்னும் ஓட்டி, வெயில் ஏறுவதற்குள் கால் காணி பாய்ந்தால் பெரிய விஷயம். 1922-ல் தாயார் அழகம்மாள் மறைந்தார். மலையின் தென்புறம் அவர் சமாதி அருகே போட்ட ஒரு கீற்றுக் கொட்டகையிலிருந்துதான் இன்றைய ஆசிரமம் வளர்ந்தது. அப்போதும் சுற்றுவட்டாரத்து விவசாயிக்கு மாடும் சாலும்தான் பம்புசெட்டு.

அப்புறம் ஆயில் என்ஜின் வந்தது. வசதியுள்ளவர்கள் கிணற்று மேட்டில் அதை வைத்து இறைத்தார்கள். கரண்ட் வந்தது அதற்கும் பிறகு.

நம் பக்கம் மின்சாரத்தின் கதை நீலகிரி மலையில் தொடங்குகிறது. பைக்காரா ஆற்றுத் தண்ணீரைக் குழாய் வழியே ஏறத்தாழ 3,000 அடி கீழே விழச் செய்து, அந்த வேகத்தில் சக்கரத்தைச் சுற்றவைத்து, 1932-ல் மின்சாரம் எடுத்தார்கள். கோயம்புத்தூர் மில்கள் அந்தக் கரண்டில் பெருகின. அங்கே 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து நம் நாட்டிலேயே மோட்டார் செய்து காட்டினார்கள். அதே 1937-ல் மேட்டூர் அணையிலிருந்தும் மின்சாரம் கிடைத்தது. சேலம், திருச்சி, தஞ்சாவூர், ஆற்காடு மாவட்டங்களுக்கு அந்த லைன் நீண்டது. 1944-ல் பாபநாசம் சேர்ந்தது.

சுதந்திரம் வந்த பிறகு, 1957 ஜூலை 1-ம் தேதி மின்சார வாரியம் ஏற்பட்டது. நம் சாத்தனூர் அணை 1958-ல் முடிந்தது. கம்பம் நட்டு, கம்பி இழுத்து, கிராமம் கிராமமாகக் கரண்ட் போன காலம் அதுதான். கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் கொடுப்பதில் தமிழ்நாடு இந்தியாவிலேயே முன்னணியில் நின்றது. இன்றைக்கு நம் மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. கவலை மாடு ஓய்வெடுத்துக்கொண்டது.

இந்தக் கதையில் ஒரு சங்கதியைக் கவனியுங்கள். அணையில் பிறந்த கரண்ட் பெரிய லைனில் வந்து, சப்-ஸ்டேஷனில் இறங்கி, 11,000 வோல்ட் லைனில் ஊருக்கு வந்து, ஊர் டிரான்ஸ்பார்மரில் மறுபடி இறங்கி, 230 வோல்ட்டாக நம் வீட்டுக்குள் நுழைகிறது. ஏரித் தண்ணீர் மதகு, கால்வாய், மடை என்று இறங்கி வயலுக்கு வருகிற மாதிரி, ஒரே திசை. அந்தக் காலத்தில் லைன் போட்டவர்கள் எல்லாரும் இந்த ஒரே திசையை மனதில் வைத்துத்தான் போட்டார்கள். ஊர்க்கோடியில் ஒரு வீடு தானே கரண்ட் செய்து மேலே அனுப்பும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

டிரான்ஸ்பார்மருக்குத் திசை தெரியாது

தண்ணீருக்கு மேடு பள்ளம் தெரியும். தானாக மேலே ஏறாது. மோட்டார் நின்றால் தண்ணீர் கிணற்றுக்குத் திரும்பிவிடாமல் இருக்க நாம் குழாயின் அடியில் புட்வால்வு வைக்கிறோம். கரண்டுக்கு மேடு பள்ளமும் கிடையாது, புட்வால்வும் கிடையாது. கம்பி போகிற பக்கமெல்லாம் அது போகும்.

டிரான்ஸ்பார்மர் என்பது என்ன? ஓர் இரும்புக் கட்டையில் இரண்டு செப்புக் கம்பிச் சுருள். ஒன்றில் சுற்று அதிகம், இன்னொன்றில் குறைவு. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒன்றில் கரண்ட் மாறி மாறி ஓடினால் இன்னொன்றில் தானாகக் கரண்ட் தோன்றும். இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே 1831-ல் ஓர் இரும்பு வளையத்தில் இதைக் கண்டுபிடித்தார். 1885-ல் புடாபெஸ்ட் நகரில் மூன்று எஞ்சினியர்கள் இதை வேலைக்கு ஆகிற சாமானாகச் செய்தார்கள். 1886-ல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்டான்லி என்பவர் ஒரு சின்ன ஊரின் கடைகளுக்கு இந்த முறையில் விளக்கு எரியவைத்தார். உலகமெங்கும் தூர ஊர்களுக்குக் கரண்ட் போனது இந்தப் பெட்டியால்தான். நம் ஊர்க் கம்பத்தில் தொங்குவதும் அதன் வாரிசுதான்.

ஆனால் இந்தப் பெட்டிக்கு மேல்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது என்று தெரியாது. 11,000 வோல்ட்டைக் கொடுத்தால் இறக்கித் தரும். கீழ்ப்பக்கம் 230 வோல்ட்டைக் கொடுத்தால் ஏற்றித் தரும். இறங்குகிற கணக்கு ஏறத்தாழ 44-க்கு ஒன்று. அப்படியானால் ஏறுகிற கணக்கும் அதுவே. உங்கள் வீட்டு ஜெனரேட்டரின் 230 வோல்ட் தவறுதலாக டிரான்ஸ்பார்மர் வரை போய்ச் சேர்ந்தால், மறுபுறம் பத்தாயிரம் வோல்ட்டாக வெளியே வரும். பக்கத்து ஊர் வரை கம்பி பூராவும் உயிர் பெற்றுவிடும்.

"அப்படியெல்லாம் போகுமா? ஊரே அந்தக் கரண்டை இழுத்தா நம்ம ஜெனரேட்டர் தாங்காம நின்னுடுமே?" என்று விவரம் தெரிந்த சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. ஊர் முழுக்க லோடு இழுத்தால் சின்ன ஜெனரேட்டர் முக்கி நின்றுவிடும். ஆனால் புயலிலே கம்பி அறுந்து உங்கள் வீட்டுப் பக்கம் தனித் துண்டாகக் கிடந்தால்? அல்லது ஊரில் எல்லாரும் மெயினை அணைத்துவிட்டுப் படுத்திருந்தால்? அப்போது லோடு இல்லை, ஜெனரேட்டர் நிற்காது. லைன் ரிப்பேர் ஆகிற நேரமும் அந்த நேரம்தான்.

நியூயார்க்கில் ஒரு நாள்

செத்த கம்பி என்று நம்பித் தொட்டவர் உயிரிழந்த கதை இந்தத் தொழில் தொடங்கிய காலத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் நியூயார்க் நகரம். 1889 அக்டோபர் 11. ஜான் பீக்ஸ் என்ற லைன்மேன் தந்திக் கம்பியைச் சரிசெய்யக் கம்பத்தில் ஏறினார். தந்திக் கம்பியில் கரண்ட் சொற்பம், ஆபத்தில்லாதது. ஆனால் சில தெருக்களுக்கு அப்பால், அந்தக் கம்பியின் மேல் தெரு விளக்குக்குப் போகும் உயர் அழுத்தக் கம்பி பட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியாது. தெரியவும் வழியில்லை. கையை வைத்த நொடியில் முடிந்தது. பட்டப்பகலில், ஆயிரக்கணக்கான ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, உடல் வெகுநேரம் கம்பிகளுக்கு நடுவே தொங்கியது.

ஊர் கொதித்துப் போனது. தாறுமாறாகக் கட்டியிருந்த கம்பிகளை அறுத்துத் தள்ளினார்கள், கம்பங்களைச் சாய்த்தார்கள், கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோனார்கள். லைன் வேலைக்காரர் தம் கையருகே உள்ள கம்பியை மட்டும் பார்த்தால் போதாது, அந்தக் கம்பியின் மறுமுனை எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்ற புத்தி உலகத்துக்கு இப்படித்தான் வந்தது.

அந்தப் புத்திதான் இன்று நம் ஊர் லைன்மேன் கடைப்பிடிக்கிற முறையாக இருக்கிறது. வேலைக்கு முன் 'லைன் கிளியர்' வாங்குவார். சப்-ஸ்டேஷனில் அந்த லைனை நிறுத்தியாகிவிட்டது என்று உறுதி வாங்குவதற்கு அதுதான் பெயர். பிறகு கம்பத்தின் மேல் இருக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து பூட்டுவார். கரண்ட் இருக்கிறதா என்று சோதிப்பார். அப்புறம் எர்த் ராடு போடுவார். அதாவது, எல்லாக் கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்து, பூமியில் அடித்த கம்பியோடு இணைத்துவிடுவார். வேலை செய்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் அப்படிப் போட வேண்டும். ஏன் இரண்டு பக்கமும்? கரண்ட் சப்-ஸ்டேஷன் பக்கமிருந்துதான் வரும் என்பது நிச்சயமில்லை. ஊர்ப் பக்கமிருந்தும் வரலாம்.

நான் பார்த்த ஒன்று

ஒரு கிராமம். ஊர்ப் பேரும் ஆள் பேரும் வேண்டாம். ராத்திரி அடித்த காற்றில் மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டது. அறுந்த இடத்துக்கு அப்பால் மூன்றே வீடும் ஒரு பம்புசெட்டுக் கொட்டகையும். அதில் ஒரு வீட்டில் மறுநாள் விசேஷம். டவுனிலிருந்து ஜெனரேட்டர் வாடகைக்கு வந்திருந்தது. கொண்டுவந்த பையன் சுறுசுறுப்பானவன். ஒரு ஒயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டி, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையைச் சுவரில் உள்ள சாக்கெட்டிலும் சொருகிவிட்டான். வீடு முழுக்க விளக்கு எரிந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, வீட்டுக்காரருக்கும் தோன்றவில்லை.

அங்கே ரிப்பேருக்கு வந்த லைன்மேன் கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தார். டிரான்ஸ்பார்மரில் பீஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். கூட வந்த பையன், "அண்ணா, பீஸ்தான் நம்ம கையில இருக்குதே, நான் ஏறிடட்டுமா?" என்றான். "இருடா தம்பி, எர்த் போடாம ஏறக் கூடாது" என்றார் அவர். எர்த் கம்பியைக் கீழே பூமியில் கட்டிவிட்டு, நீளக் கழியில் மாட்டிய கொக்கியைக் கம்பியில் வைத்தார். 'பட்'டென்று நெருப்பு பறந்தது. அதே நேரத்தில், தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர் முக்கி முனகி நின்றது.

லைன்மேனுக்கு விளங்கிவிட்டது. சத்தம் நின்ற வீட்டைப் பார்த்து நடந்தார். வீட்டுக்காரர் நடுங்கிப் போனார். "சாமி, எங்களுக்குத் தெரியாதுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. நிஜமாகவே தெரியாது. அந்தப் பையன் அன்று ஏறியிருந்தால், விசேஷ வீட்டிலிருந்து முந்நூறு அடி தூரத்தில் ஓர் உயிர் போயிருக்கும். காரணம் எது என்று கடைசிவரை ஊருக்குத் தெரியாமலே இருந்திருக்கும்.

ஜெனரேட்டர் பெருகியது எப்படி?

1970-களில் மழை பொய்த்தபோதெல்லாம் அணையில் நீர் குறைந்து மின்வெட்டு வந்தது. அப்போது ஜெனரேட்டர் என்பது மில்லுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சினிமாக் கொட்டகைக்கும்தான். வீட்டுக்கு லாந்தர் விளக்கு. 2008-லிருந்து தமிழ்நாட்டில் மின் பற்றாக்குறை கடுமையானது. 2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரும் சின்ன ஜெனரேட்டரும் வீட்டுச் சாமான் ஆனது அந்த வருஷங்களில்தான். பற்றாக்குறை தீர்ந்த பிறகும் வாங்கிய ஜெனரேட்டர் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அப்புறம் புயல்கள். 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஊர் கூடி ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து, மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். அதே வேளையில் மற்ற மாவட்டங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான மின் ஊழியர்கள் சேற்றில் நின்று கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஜெனரேட்டர், மறு பக்கம் கம்பத்தின் மேல் ஆள். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே ஊரில்.

நமக்கே அந்த அனுபவம் வந்தது 2024-ல். நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. டிசம்பர் 1-ம் தேதி அண்ணாமலையார் மலைச் சரிவில், வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் புதைந்து போனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். மறுநாள் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்க வேண்டிவந்தது. தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. இப்படிப்பட்ட ராத்திரியில் யாரும் ஜெனரேட்டரை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதைச் சரியாக இணைத்திருக்கிறோமா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

மடை மாற்றுகிற மாதிரி

சரி, எது சரியான முறை? அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த முறைதான். ஒரே வாய்க்காலுக்கு ஏரித் தண்ணீரும் வருகிறது, கிணற்றுத் தண்ணீரும் வருகிறது என்று வையுங்கள். ஏரி வற்றிவிட்டது. கிணற்றைத் திறந்துவிட்டால் உங்கள் தண்ணீர் வயலுக்கும் பாயும், வற்றிய ஏரி வாய்க்காலிலும் ஓடி வீணாகும். அதனால் என்ன செய்கிறீர்கள்? ஏரிப்பக்க மடையை அடைத்துவிட்டுத்தான் கிணற்றுப்பக்க மடையைத் திறக்கிறீர்கள்.

கரண்டுக்கு அந்த மடைப் பலகைதான் 'சேஞ்ச் ஓவர் சுவிட்ச்'. ஒரே கைப்பிடி. மேலே தள்ளினால் வீட்டுக்கு ஈ.பி. கரண்ட். நடுவில் வைத்தால் இரண்டும் இல்லை. கீழே தள்ளினால் ஜெனரேட்டர். ஒரு கைப்பிடி ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாதல்லவா? அதனால் உங்கள் ஜெனரேட்டரும் ஊர் லைனும் எந்த நிலையிலும் சந்திக்காது. மறதிக்கும் அவசரத்துக்கும் அங்கே இடமில்லை. ஜெனரேட்டர் விலையோடு வைத்துப் பார்த்தால் இதன் விலை சொற்பம்.

"மெயினை அணைச்சிட்டு ஜெனரேட்டர் போட்டா ஆகாதா?" என்று கேட்பீர்கள். நீங்கள் அணைப்பீர்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் உங்கள் மகன் போடுவான். கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்க வீட்டிலுள்ளவர்கள் மெயினைத் தூக்கிவிடுவார்கள். ஞாபகத்தை நம்பி ஓர் உயிரை வைக்க முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. சில பழைய மெயின் அமைப்புகளில் பேஸ் கம்பி மட்டும்தான் துண்டாகும். நியூட்ரல் கம்பி லைனோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே சேஞ்ச் ஓவர் வாங்கும்போது, ஒற்றைப் பேஸ் வீட்டுக்கு நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கிற இரு முனை சுவிட்ச், மூன்று பேஸ் மோட்டாருக்கு நான்கு முனை சுவிட்ச் என்று கேட்டு வாங்குங்கள்.

சேஞ்ச் ஓவர் இல்லாவிட்டால் உங்கள் சொத்துக்கும் நஷ்டம் உண்டு. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஈ.பி. கரண்ட் திரும்பி வந்துவிட்டால், இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒரு வினாடியில் ஜெனரேட்டரின் சுருள் கருகிவிடும். தீப்பிடிக்கவும் செய்யும். ஏன் முட்டிக்கொள்கிறது?

தேர் வடம் பிடிக்கிற கணக்கு

கார்த்திகை தீபத் திருவிழாவில் ஏழாம் நாள் தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும், ஒரே குரலுக்கு ஒரே நேரத்தில் இழுத்தால்தான் தேர் நகரும். நம் லைனில் ஓடும் கரண்ட் ஒரு வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய்வருகிறது. நாட்டிலுள்ள எல்லா மின் நிலையங்களும் அந்த 50 தாளத்துக்கு ஒன்றாக இழுக்கின்றன. புதிதாக ஒரு ஜெனரேட்டர் சேர வேண்டுமானால், அதன் வோல்ட், அதன் தாளம், அது ஏறி இறங்குகிற நேரம், பேஸ் வரிசை எல்லாம் லைனோடு ஒத்துப்போன நொடியில்தான் சேர்க்க வேண்டும்.

இது எவ்வளவு பெரிய காரியம் தெரியுமா? தென்னிந்திய மின் லைன்கள் முழுவதும் வட இந்திய லைன்களோடு இப்படி ஒரே தாளத்தில் சேர்ந்தது 2013 டிசம்பர் 31-ம் தேதிதான். ரெய்ச்சூரிலிருந்து சோலாப்பூருக்கு 765 கிலோவோல்ட் லைன் இழுத்த பிறகே அது முடிந்தது. அத்தனை எஞ்சினியர்கள் பார்த்துப் பார்த்துச் செய்கிற காரியத்தை, வீட்டில் இரண்டு முனை பிளக்கை வைத்துக்கொண்டு நாம் செய்துவிட முடியுமா?

அப்படியானால் வீட்டில் செய்த கரண்டை லைனுக்குக் கொடுக்கவே முடியாதா? முடியும், முறையாகச் செய்தால். 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் காற்றாலைகள் வைத்து லைனுக்குக் கரண்ட் கொடுத்தார்கள். பிறகு முப்பந்தல் பக்கம் காற்றாலை காடாகப் பெருகியது. தமிழ்நாடு 2012-ல் சூரிய மின்சாரக் கொள்கை வெளியிட்டது. 2024-ல் மத்திய அரசின் வீட்டுக்கூரை சோலார் திட்டமும் வந்தது. இன்று கிராமத்து மாடியிலும் சோலார் தகடு இருக்கிறது. பகலில் மிஞ்சுகிற கரண்ட் லைனுக்குப் போகிறது. மீட்டர் இரண்டு பக்கமும் கணக்கு எழுதுகிறது.

இப்படி லைனோடு இணைத்த சோலார் வைத்தவர்கள் ஒரு குறை சொல்வார்கள்: "வெயில் காயுது, தகடு இருக்குது, ஆனா ஈ.பி. கரண்ட் போனா சோலாரும் நின்னு போகுதே!" அது பழுதல்ல. வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். லைனில் கரண்ட் இல்லை என்று தெரிந்ததும் அந்தச் சோலார் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிட வேண்டும் என்பது விதி. கம்பத்தின் மேல் இருக்கிற ஆளுக்காகத்தான் அது நிற்கிறது. மெஷினுக்கு இந்த ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். சாதாரண ஜெனரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. அதன் சார்பில் நாம்தான் சேஞ்ச் ஓவர் வைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

இன்று ராத்திரியே வீட்டில் பாருங்கள். இரண்டு முனையிலும் பிளக் உள்ள ஒயர் இருந்தால் வெட்டிப் போட்டுவிடுங்கள். அது ஊர் லைனுக்கு மட்டுமல்ல, உங்கள் பிள்ளைக்கும் எமன். ஒரு முனை ஜெனரேட்டரில் இருக்க மறு முனை உருவிக்கொண்டால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பித்தளை முள்ளில் முழுக் கரண்டும் இருக்கும்.

லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வையுங்கள். ஜெனரேட்டருக்கு எர்த் போடச் சொல்லுங்கள். பம்புசெட்டுக்கு ஜெனரேட்டர் போடுகிறவர்கள் கொட்டகையிலும் தனி சேஞ்ச் ஓவர் வைக்க வேண்டும்.

அது வைக்கிறவரை, வீட்டு ஒயரிங்கில் ஜெனரேட்டரைச் சேர்க்கவே வேண்டாம். தனி ஒயர் இழுத்து, வேண்டிய விளக்கையும் மிக்சியையும் நேராக ஜெனரேட்டரில் மாட்டிக்கொள்ளுங்கள். வாடகை ஜெனரேட்டர் வந்தாலும் இதே முறைதான். கொண்டுவருகிற பையனிடம், "எங்கே மாட்டப் போறே தம்பி?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

ஜெனரேட்டர் வைத்திருப்பதை உங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் தெரிவியுங்கள். பெரிய ஜெனரேட்டருக்கு மின் ஆய்வுத் துறையின் அனுமதியும் வேண்டும். ஓடுகிற ஜெனரேட்டரை அறைக்குள்ளோ தாழ்வாரத்திலோ வைக்காதீர்கள். அதன் புகை ஆளைக் கொல்லும்.

புயலுக்குப் பிறகு அறுந்து கிடக்கிற கம்பியைக் கண்டால், "ஊர்லதான் கரண்ட் இல்லையே" என்று கிட்டே போகாதீர்கள். யார் வீட்டு ஜெனரேட்டர் அதில் கலந்திருக்கிறதோ தெரியாது. மாட்டையும் பிள்ளைகளையும் விலக்கி நிறுத்திவிட்டு, 94987 94987 என்ற மின்னகம் எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

நம் தாத்தா காலத்தில் கவலை மாடு இறைத்த கிணற்றில் இன்று பட்டனைத் தட்டினால் தண்ணீர் கொட்டுகிறது. அந்த வசதிக்குப் பின்னால் மழையிலும் இருட்டிலும் கம்பம் ஏறுகிற ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் அவரும் ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளைதான். அடுத்த தடவை கரண்ட் போய், நீங்கள் ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கக் கை வைக்கும்போது, சேஞ்ச் ஓவர் கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு தரம் பார்த்துவிட்டு இழுங்கள்.